'சரி சார்'னா என்ன அர்த்தம்?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துவிட்டால் நம்ம ஹாஸ்டலில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ஆப்டிடியூட் புத்தகம் கிடக்கும். கோடிங் தெரிந்தவனுக்குத் திடீர் மரியாதை வரும். டை கட்டத் தெரிந்த ஒரே சீனியரின் ரூமுக்கு வெளியே வரிசை நிற்கும். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் மாதமே தேவைப்படுகிற ஒரு பாடம் எந்த செமஸ்டரிலும் இல்லை. வேறு நாட்டுக்காரரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி?

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. ஐ.டி. பக்கம் போனால் கிளையன்ட் அமெரிக்காவில் இருப்பார். மாமாவோ சித்தப்பாவோ வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகள் நம்ம வகுப்பிலேயே நிறைய உண்டு. அதனால் இந்த இதழில் அந்தப் பாடத்தை எழுதலாம் என்று நினைத்தேன். புத்தகத்தில் படித்ததைவிட முதலில் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு 'சரி'கள்

ஆறாவது செமஸ்டர் முடிந்து நான்கு வாரம் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்டெர்ன்ஷிப். இரண்டாவது வாரம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். 60 சாம்பிள்களை சி.எம்.எம். மெஷினில் வைத்து அளந்து ரிப்போர்ட் தயாரிக்க வேண்டும். அங்கிருந்த ஜப்பானிய இன்ஜினியர் கேட்டார்: "வியாழக்கிழமை காலைக்குள் ஆகிவிடுமா?" நான் தலையை நம்ம ஊர் பாணியில் ஒரு ஆட்டு ஆட்டி, "சரி சார்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மெஷினை வேறு டிபார்ட்மென்ட் அவசர வேலைக்கு எடுத்துக்கொண்டது. வியாழனுக்குள் முடியாது என்று அன்று மாலையே எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. பெரியவரிடம் போய் 'முடியல சார்' என்று எப்படிச் சொல்வது? நைட் உட்கார்ந்து எப்படியாவது முடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. வியாழன் காலை அவர் தலைமை அலுவலகத்தோடு பேச வேண்டிய நேரத்தில் என் கையில் இருந்தது 22 சாம்பிள்.

அவர் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது உனக்கு எப்போது தெரியும்?" செவ்வாய்க்கிழமை என்றேன். அவர் முகம் மாறியது அப்போதுதான். வேலை முடியாதது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இரண்டு நாள் மறைத்ததுதான் படவில்லை, சுட்டது.

மூன்றாவது வாரம் கதை தலைகீழாக நடந்தது. அந்த அளவீடுகளை என் ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் பயன்படுத்தலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் மூச்சை லேசாக உள்ளே இழுத்து, தலையைச் சாய்த்து, "ம்... யோசித்துப் பார்க்கிறோம்" என்றார். நான் சந்தோஷமாகக் காத்திருந்தேன். இரண்டு முறை ரிமைண்டர் மெயில்கூட அனுப்பினேன். கடைசியில் சூப்பர்வைசர் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, அவர் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லிட்டாரு. நீதான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். நான் 'சரி' என்றபோது அதன் அர்த்தம் 'நீங்க சொன்னது காதுல விழுந்தது' என்பது மட்டும்தான். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அவர் 'யோசிக்கிறோம்' என்றபோது அர்த்தம் 'முடியாது'. நான் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டேன். ரெண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். மரியாதைதான் குழப்பத்தை உண்டாக்கியது.

நாடுகளுக்கு இடையிலான பழக்கவழக்கம் என்றதும் யார் எப்படிக் கை குலுக்குவார்கள், எதைப் பரிசாகத் தரக்கூடாது என்ற பட்டியல்தான் நினைவுக்கு வரும். அது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அதில் தப்பு செய்தால் பெரும்பாலும் சிரித்து மன்னித்துவிடுவார்கள். வேலையைக் கெடுப்பது வேறு இடம்: 'முடியாது', 'தெரியாது', 'தாமதமாகும்' என்பதை ஒவ்வொரு ஊரும் எப்படிச் சொல்கிறது என்பது. இந்தப் பாடத்தின் மையம் அதுதான்.

சொல்லில் எவ்வளவு, சொல்லாததில் எவ்வளவு?

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950-களில் வெளிநாடு போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1976-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு பயனுள்ள பிரிவைச் சொன்னார். சில சமூகங்களில் செய்தி முழுக்கச் சொல்லிலேயே இருக்கும். சொன்னதுதான் அர்த்தம். ஜெர்மனியும் அமெரிக்காவும் இந்தப் பக்கம். வேறு சில சமூகங்களில் பாதிச் செய்தி சூழலில் இருக்கும். யார் சொன்னார், எப்போது, எந்தக் குரலில், எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அர்த்தம். ஜப்பானும் அரபு நாடுகளும் அந்தப் பக்கம்.

நாம் எந்தப் பக்கம்? சந்தேகமே வேண்டாம். கல்யாண வீட்டில் கடன் கேட்டவரிடம் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வர்றேன்' என்போம். எதிரே வருபவர் 'சாப்டீங்களா?' என்றால் அவர் இலை போடப்போகிறார் என்று நினைப்பதில்லை. இதையெல்லாம் அகராதியை வைத்துப் புரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டுக்காரர் முயன்றால் என்ன பாடுபடுவார்! அதே பாட்டைத்தான் நாம் அவர்கள் ஊரில் படுகிறோம்.

ஹால் நேரத்தைப் பற்றியும் இதே மாதிரி ஒரு பிரிவு சொன்னார். சில ஊர்களில் நேரம் ரயில் அட்டவணை மாதிரி, ஒன்று முடிந்துதான் அடுத்தது. சில ஊர்களில் ஒரே நேரத்தில் நாலு வேலை ஓடும், எதிரே இருக்கும் மனிதர் கடிகாரத்தைவிட முக்கியம். இந்த இரண்டு அளவுகோலையும் கையில் வைத்துக்கொண்டு நான்கு இடங்களைப் பார்ப்போம்.

ஜப்பான்: கெட்ட செய்திக்கும் ஒரு முறை உண்டு

ஜப்பானியர் பேசும்போது அடிக்கடி 'ஹாய், ஹாய்' என்பார்கள். நம்ம வாட்ஸ்அப் ஹாய் இல்லை. அகராதியில் 'ஆம்' என்று இருக்கும். ஆனால் பேச்சின் நடுவே வந்தால் பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்றுதான் அர்த்தம், நம்ம 'ம்... ம்...' மாதிரி. பத்து முறை ஹாய் கேட்டதால் பிரசன்டேஷன் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நினைக்கக்கூடாது. 'இல்லை' என்பதை நேராகச் சொல்வது அரிது. 'சோட்டோ...' என்று ஆரம்பித்து இழுத்து நிறுத்திவிட்டால் மறுப்பு. அந்தச் சொல்லுக்கு 'கொஞ்சம்' என்று பொருள். 'கொஞ்சம் கஷ்டம்' என்பதில் பாதியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உண்மை எங்கே பேசப்படுகிறது? மீட்டிங்குக்கு முன்னால். இதற்கு 'நெமாவாஷி' என்று பெயர். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும் தோட்டக்காரர் சொல் அது. ஒரு யோசனையைக் கூட்டத்தில் வைப்பதற்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிவிடுவார்கள். எதிர்ப்பு அங்கேயே வெளியே வந்துவிடும். மீட்டிங் பல நேரம் முத்திரை குத்தும் சடங்குதான். அங்கே போய் முதல்முறையாக ஒரு பிரச்சினையைக் கிளப்பினால் எல்லோருக்கும் சங்கடம்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு சொல் 'ஹோரென்சோ'. ஹோகொகு, ரென்ராகு, சோதான் என்ற மூன்று சொற்களின் முதல் பகுதிகள் சேர்ந்தது. நிலவரத்தை அறிவி, தகவலைப் பகிர், சிக்கல் வந்தால் கலந்து பேசு என்று அர்த்தம். பசலைக்கீரைக்கும் ஜப்பானிய மொழியில் இதே உச்சரிப்பு என்பதால் மறக்கவே மறக்காது. புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு அங்கே சொல்லித் தரும் அடிப்படைப் பாடங்களில் இது ஒன்று. டொயோட்டா தொழிற்சாலையில் 'ஆன்டோன்' கயிறு இருப்பதை இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் படித்திருப்பீர்கள். பிரச்சினை கண்ணில் பட்டதும் லைனில் நிற்கும் தொழிலாளியே இழுத்து உதவிக்கு ஆளைக் கூப்பிடலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். அந்தக் கலாசாரத்தில் நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறதா அவர் முகம் ஏன் மாறியது என்று?

ஜெர்மனி: திட்டு வேலைக்கு, ஆளுக்கு இல்லை

ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்க' உண்டு. 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்க. மரபான அலுவலகங்களில் பல வருடம் கூடவே வேலை பார்ப்பவரைக்கூட ஸீ என்றும், குடும்பப் பெயரோடும் அழைப்பார்கள். 'டூ'வுக்கு மாறலாம் என்று சொல்லும் உரிமை வயதிலோ பதவியிலோ பெரியவருக்கு. இன்று இளைஞர்கள் நிறைந்த நிறுவனங்களில் முதல் நாளே டூ சகஜம்.

இவ்வளவு மரியாதை பார்ப்பவர்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது பூசி மெழுக மாட்டார்கள். "இந்தக் கணக்கு தப்பு. மூன்றாவது பக்கத்தில் லோடு விட்டுப்போயிருக்கிறது" என்று பத்து பேர் முன்னால் சொல்வார்கள். நமக்குக் காது சிவந்துவிடும். அவர் டீ பிரேக்கில் சாதாரணமாக வந்து பேசுவார். ஏனென்றால் அவர் குறை சொன்னது கணக்கை, உங்களை இல்லை. அதே அளவுகோலில், முடியாததை 'முடியும்' என்று சொன்னால் அது பணிவாகத் தெரியாது, பொய்யாகத் தெரியும். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடுவது நல்லது. வேலை நேரம் முடிந்த பிறகு வரும் பொழுதுக்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது, 'ஃபையராபெண்ட்'. அந்த நேரத்தில் போன் போட்டு வேலை பேசாதீர்கள். இன்னொன்று: பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லக்கூடாது, அபசகுனம் என்று நினைப்பார்கள். அங்கேயும் ராகு காலம் பார்க்க ஆள் இருக்கிறார்கள் போல!

பழக்கம் புரியாமல் போனால் பணம் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் 1997-ன் கடைசியில் ஜெர்மனிக்குள் நுழைந்தது. சொந்த ஊரில் வெற்றி பெற்ற வழக்கங்களை அப்படியே கொண்டுபோனது. வாடிக்கையாளரைப் பார்த்ததும் சிரிக்க வேண்டும், வாசலில் நின்று வரவேற்க வேண்டும், வாங்கிய பொருளைப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் காரணமில்லாமல் சிரிப்பதும், தன் பொருளை இன்னொருவர் எடுத்து அடுக்குவதும் ஜெர்மன்காரர்கள் பலருக்கு உறுத்தியது. ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்பது போன்ற நடத்தை விதிகள் 2005-ல் தொழிலாளர் நீதிமன்றம் வரை போய் அடி வாங்கின. 2006-ல் 85 கடைகளையும் மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. இழப்பு சுமார் 100 கோடி டாலர். சிரிப்பால் மட்டும் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளின் போட்டியும் கடை நேரச் சட்டங்களும் பெரிய காரணங்கள். ஆனால் 'நம்ம ஊரில் மரியாதை என்றால் எங்கும் மரியாதை' என்ற நினைப்பும் அதில் ஒரு பங்கு.

அமெரிக்கா: பாராட்டுக்குள் ஒளிந்த திருத்தம்

இங்கே முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். மேனேஜரை 'சார், சார்' என்றால் அவருக்கே கூச்சம். 'ஹவ் ஆர் யூ?' என்பது கேள்வி இல்லை, நம்ம 'சாப்டீங்களா?' மாதிரி. மூட்டு வலியை விளக்க ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் திகைத்துப்போவார்.

சொன்னதுதான் அர்த்தம் என்ற ஊர்தான் இது. ஆனால் குறை சொல்லும்போது மட்டும் ஜெர்மனியிலிருந்து விலகி நிற்கிறது. முதலில் பாராட்டு, நடுவில் திருத்தம், கடைசியில் மறுபடி பாராட்டு. "பிரமாதமான வேலை! ஒரு சின்ன யோசனை, எரர் ஹேண்ட்லிங்கைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" நாம் முதல் வரியோடு சந்தோஷமாகக் கிளம்பிவிடுவோம். உண்மையில் அந்தச் 'சின்ன யோசனை'க்காகத்தான் அந்த மீட்டிங்கே நடந்திருக்கும். இங்கே 'முடியாது' என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் மாற்று வழியோடு சொல்ல வேண்டும். 'வெள்ளிக்கிழமை முடியாது, ஆனால் முதல் இரண்டு மாட்யூல் தர முடியும்' என்றால் மதிப்பு கூடும்.

வளைகுடா: முதலில் காபி, பிறகு கான்ட்ராக்ட்

அரபு நாடுகளில் வியாபாரப் பேச்சு வியாபாரத்தில் தொடங்காது. நலம் விசாரிப்பு, ஊர்ப் பேச்சு, பிறகு 'கஹ்வா' என்ற ஏலக்காய் மணக்கும் காபி. அரபுக் காபி உபசரிப்பை யுனெஸ்கோ 2015-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 'ஃபின்ஜான்' என்ற சின்னக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள், வலது கையால் வாங்க வேண்டும். காலியானதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். வாயால் சொல்லாமலே அங்கே ஒரு 'வேண்டாம்' பேசப்படுகிறது, கவனித்தீர்களா? குடும்ப நலம் பொதுவாகக் கேட்கலாம். மனைவியைப் பற்றித் தனியாக விசாரிப்பது சரியில்லை. எதிரே இருப்பவர் பெண் என்றால் அவர் கை நீட்டினால் மட்டும் குலுக்க வேண்டும்.

வார விடுமுறைகூட ஒரே மாதிரி இல்லை. சவுதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளி, சனி விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அலுவலகங்கள் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளி அரைநாள் வேலை. மீட்டிங் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

'இன்ஷா அல்லாஹ்' என்ற சொல்லை வெளியூர்க்காரர்கள் 'தட்டிக்கழிக்கிறார்' என்று கேலி செய்வதுண்டு. அது தவறு. 'இறைவன் நாடினால்' என்பது அதன் பொருள். உறுதியான வாக்குக்கும் அதைத்தான் சொல்வார்கள், நல்ல எதிர்பார்ப்புக்கும் அதைத்தான் சொல்வார்கள், மென்மையான மறுப்புக்கும் அதுவே. எது என்று தெரிய, 'அப்போ அடுத்து நான் யாரைப் பார்க்கணும்?' என்று கேளுங்கள். பெயரும் நாளும் வந்தால் வாக்கு. புன்னகை மட்டும் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

என் தப்புக்கு இன்னொரு வேரும் உண்டு. கெயர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புகளை அலசினார். மேலதிகாரிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதை 'அதிகார இடைவெளி' என்று ஒரு எண்ணாக்கினார். இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35. வைவா ஹாலில் எக்ஸ்டெர்னல் தப்பாகச் சொன்னாலும் 'எஸ் சார்' என்று தலையாட்டியவர்களுக்கு அந்த 77-ஐ விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம், அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்தது. வகுப்பு சராசரி 62 என்று தெரிந்தால் உங்கள் பெஞ்ச்மேட் எவ்வளவு வாங்கினான் என்று சொல்ல முடியுமா? நாட்டின் சராசரியும் அப்படித்தான். படபடவென்று 'முடியாது' சொல்லும் ஜப்பானியரும், சுற்றி வளைக்கும் ஜெர்மானியரும் உண்டு. மேலே சொன்னதெல்லாம் முதல் நாளுக்கான யூகம். இரண்டாம் நாளிலிருந்து எதிரே இருக்கும் ஆளைப் பாருங்கள்.

நாளைக்கே செய்யக்கூடிய நாலு விஷயம்

1. 'சரி' என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு, எப்போது, எது தடையாகலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "வியாழன் காலை 60-ம் தர்றேன் சார். மெஷின் கிடைக்கணும். செவ்வாய் சாயங்காலம் நிலவரம் சொல்றேன்." அன்று இந்த மூணு வரி சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

2. 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். உலகம் முழுக்க அதற்கு ஒரே பதில்தான் வரும். 'முதல்ல எதிலேர்ந்து ஆரம்பிக்கப் போறீங்க?' என்று கேளுங்கள். புரிந்ததா என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

3. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்லுங்கள், அந்த ஊருக்கு ஏற்ற வழியில். ஜப்பானியரிடம் மீட்டிங்குக்கு முன்பே தனியாக. ஜெர்மானியரிடம் நேராக, எண்களோடு. அமெரிக்கரிடம் மாற்று வழியோடு. வளைகுடாவில் மெயிலில் எழுதிவிட்டு ஒளியாமல், நேரில் அல்லது போனில்.

4. பேச்சு முடிந்ததும் நாலு வரி மெயில். யார், எதை, எப்போது. சூழலில் ஒளிந்திருந்த அர்த்தமெல்லாம் அந்த நாலு வரியில் வெளியே வந்துவிடும்.

என் இன்டெர்ன்ஷிப்பின் மீதி நாட்களில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் மேஜைக்குப் போய் அன்றைய நிலவரத்தைச் சொன்னேன். முடிந்தது இவ்வளவு, முடியாதது இவ்வளவு. முதல் நாள் தொண்டை வறண்டது. மூன்றாவது நாள் அவரே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கடைசி நாள் தன் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஜப்பானில் 'மெய்ஷி' என்பார்கள். வெறும் அட்டையாகப் பார்க்க மாட்டார்கள், அந்த மனிதருக்கே உரிய மரியாதையை அதற்கும் கொடுப்பார்கள். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, நின்று படித்தேன். பேன்ட்டின் பின் பாக்கெட்டுக்குப் போன கையைச் சமாளித்து சட்டைப் பைக்குத் திருப்பியது எனக்கும் சூப்பர்வைசர் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

வெளிநாட்டுக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரம் உங்க கைடு கூப்பிட்டு, "ரிவ்யூவுக்கு ரெடியா?" என்று கேட்பார். என்ன சொல்லப் போறீங்க?